விடலை நாய் கூப்பிட்டும் வரவில்லையா? எங்கே பிசகுகிறது என்று பார்ப்போம்

ஏழெட்டு மாதம் வரை காலைச் சுற்றிச் சுற்றி வந்த குட்டி, ஒரு நாள் நீங்கள் கூப்பிடுவது காதில் விழுந்தும் விழாததுபோல் நடந்து போகும். சென்னை திருவான்மியூரில் எங்கள் வீட்டுப் பொரிக்கு அது ஒன்பதாவது மாதத்தில் வந்தது. பொரி நாட்டு நாய். பழுப்பு உடம்பில் பொரியை அள்ளி இறைத்ததுபோல் வெள்ளைப் புள்ளிகள், அதனால் அந்தப் பெயர். ஒரு நாள் விடியற்காலை கடற்கரையில் ஹார்னஸிலிருந்து (மார்பையும் முதுகையும் சுற்றி மாட்டும் பட்டை) பின்பக்கமாக உருவிக்கொண்டு ஓடிவிட்டாள். முக்கால் மணி நேரம் தேடினேன். கடைசியில் அவளாகத்தான் என்னிடம் வந்தாள். வந்தவளைப் பிடித்து, பயமும் கோபமும் சேர்ந்து, திட்டித் தீர்த்தேன். அதற்குப் பிறகு இரண்டு மாதம், கூப்பிட்டால் நான்கடி தள்ளி நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். கிட்ட வர மாட்டாள். ஓடியதற்காகத் திட்டினேன் என்று நான் நினைத்தேன். வந்ததற்காகத் திட்டு விழுந்தது என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

கீழே நான் எழுதுவதெல்லாம் இதைச் சுற்றித்தான். கூப்பிட்டு வராத நாய்க்கு, வருவதால் எங்கோ ஒரு நஷ்டம் இருக்கிறது. இல்லையென்றால் வராமல் இருப்பதில் அதைவிடப் பெரிய லாபம் இருக்கிறது. உங்கள் நாய்க்கு இரண்டில் எது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. எந்த இடத்தில் பிசகுகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். அடுத்து வரும் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

தொடங்கும் முன்

நம் ஊரில் தெருவிலோ பூங்காவிலோ கடற்கரையிலோ வளர்ப்பு நாயைக் கயிறில்லாமல் விடக் கூடாது. 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்கா ஒன்றில் ஒரு சிறுமியை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் காயப்படுத்திய பிறகு மாநகராட்சி இதில் கெடுபிடி காட்டுகிறது. அது சரியும்கூட. கயிறு கட்டாயம் என்றால் கூப்பிட்டு வரப் பழக்குவது எதற்கு என்று கேட்பார்கள். கொக்கி ஒரு நாள் உடையும். கூரியர்காரர் வந்துபோன பிறகு கேட் திறந்தே கிடக்கும். என் கதையில் ஹார்னஸ் உருவிக்கொண்டது. அந்த ஒரு நிமிஷத்தில் நாய்க்கும் ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) வண்டிகளுக்கும் நடுவில் உங்கள் குரல் மட்டும்தான் இருக்கும். அதற்காகத்தான் இந்தப் பாடு.

எனவே வெளியே செய்யும் பயிற்சி எல்லாமே நீளக் கயிற்றில். எட்டு அல்லது பத்து மீட்டர் போதும். பை தைப்பவர்கள் தோளில் மாட்டும் வாருக்குப் போடுகிற நாடாவை மீட்டர் கணக்கில் வாங்கி, பை பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து ஒரு முனையில் நல்ல கொக்கியாக வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள். உருண்டை நைலான் கயிறு வேண்டாம், நாய் இழுத்து ஓடினால் உள்ளங்கையைக் கிழித்துவிடும். கயிற்றை ஹார்னஸில் முதுகுப்பக்க வளையத்தில் மாட்டுங்கள், கழுத்துப் பட்டையில் கூடாது. பத்து மீட்டர் ஓடிய வேகத்தில் வெடுக்கென்று நிற்கும்போது அத்தனை அடியும் கழுத்தில் விழும். பொத்தானை அழுத்தினால் தானாகச் சுருண்டுகொள்ளும் லீஷும் இதற்கு உதவாது. அது எப்போதும் நாயை லேசாக இழுத்தபடியே இருக்கும். கயிறு தொய்வாக இருக்கும்போது தானாக வரக் கற்றுக்கொள்வதுதான் இங்கே பாடம்.

தீனி: வேகவைத்த கோழி ஈரல், உப்பு, காரம், வெங்காயம் எதுவும் சேர்க்காமல். ஒரு துண்டு கொண்டைக்கடலை அளவு இருந்தால் போதும். சைவ வீடென்றால் பனீர் அல்லது வேகவைத்த சர்க்கரைவள்ளி. திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் எந்தக் காலத்திலும் ஆகாது. காலையில் தீனி கொடுத்த அளவுக்கு இரவுச் சாப்பாட்டைக் குறைத்துவிடுங்கள்.

அடுத்தது சொல். 'வா' என்ற சொல் வீட்டில் நாள் முழுக்க யாரோ யாரையோ பார்த்துச் சொல்வது. அதோடு குளிக்க வா, மருந்து போட வா என்று நாய்க்குப் பிடிக்காததற்கெல்லாம் அதைத்தான் பயன்படுத்தியிருப்போம். அந்தச் சொல் கெட்டுப்போய்விட்டது. புதிதாக ஒன்றை எடுங்கள். எங்கள் வீட்டில் 'ஓடியா'. விசில் ஊதுவதாக இருந்தால் பஸ் நடத்துநர் ஊதும் மாதிரி இல்லாமல் வேறு தாளத்தில் ஊதுங்கள், மூன்று குட்டை, ஒரு நெட்டை என்பதுபோல். முதல் மூன்று நாள் வீட்டுக்குள் நாய் பக்கத்தில் இருக்கும்போதே சொல்லைச் சொல்லுங்கள், உடனே ஈரலை வாயில் வையுங்கள். நாளைக்குப் பத்து முறை. நாயிடம் எதுவும் கேட்காதீர்கள், அது வெறுமனே நின்றால் போதும். இந்தச் சத்தத்துக்குப் பிறகு ஈரல் வரும், அவ்வளவுதான் அது தெரிந்துகொள்ள வேண்டியது.

வீட்டில் பறந்து வருகிறது, வெளியே வருவதில்லை

இதைத்தான் பலர் பிடிவாதம் என்கிறார்கள். பிடிவாதம் இல்லை. கூடத்தில் கற்ற பாடத்தைத் தெருவுக்கும் பொருத்திப் பார்க்க நாய்க்குத் தானாக வராது. கூடத்தில் கேட்ட 'ஓடியா'வும் குப்பை வண்டி, மாடு, கறிக்கடை வாசனை நடுவில் கேட்கும் 'ஓடியா'வும் அதற்கு வேறு வேறு. ஒவ்வொரு இடத்திலும் புதிதாகத்தான் சொல்லித்தர வேண்டும்.

கூடத்திலிருந்து மொட்டை மாடி. கைப்பிடிச் சுவர் நாய் தாவ முடியாத உயரமா என்று முதலில் பாருங்கள். பிறகு அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடம். அப்புறம் காலை ஐந்து மணிக்கு உங்கள் தெரு, வாசல் தெளிப்பவர்கள் வருவதற்கு முன். அதன் பிறகு மைதானத்தின் ஒதுங்கிய மூலை. கடற்கரை எல்லாவற்றுக்கும் கடைசி. பத்து முறை கூப்பிட்டு எட்டு முறை உடனே வந்தால் அடுத்த இடத்துக்குப் போகலாம். தொடர்ந்து இரண்டு முறை வரவில்லையென்றால் ஒரு படி இறங்கிவிடுங்கள். அதில் தோல்வி ஒன்றுமில்லை, பாடம் கொஞ்சம் சீக்கிரம் கடினமாகிவிட்டது என்றுதான் பொருள். பொரிக்குக் கார் நிறுத்துமிடத்தில் மட்டும் பன்னிரண்டு நாள் ஆனது. காரணம் அங்கே ஒரு பூனை.

திரும்பிப் பார்க்கிறது, மறுபடி மோப்பத்துக்கே போய்விடுகிறது

விடலைப் பருவத்தின் அசல் அடையாளம் இது. சுமார் ஆறு மாதத்தில் தொடங்கி ஒன்றரை வயது வரை, பெரிய இன நாய்களுக்கு இரண்டு வயது வரைகூட நீளும். 2020-ல் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வழிகாட்டி நாய்களாக வளர்க்கப்பட்ட லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர் வகை நாய்களைக் கவனித்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஐந்து மாதத்தில் 'உட்கார்' என்றதும் உட்கார்ந்த நாய்களுக்கு எட்டு மாதத்தில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. வளர்ப்பவர் சொன்னால்தான் அப்படி. அறிமுகமில்லாத ஆள் சொன்னபோது கேட்டன. வளர்ப்பவர்கள் சொன்னபடி ஒரு வயது வாக்கில் நிலைமை சீரானது. இதைப் படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதல். பொரி என்னை மறந்துவிடவில்லை, அவளுக்கு வயது அப்படி. இந்த நேரத்தில் பயிற்சியைக் கைவிடுவதுதான் தவறு.

செய்ய வேண்டியது: ஒரே முறை கூப்பிடுங்கள். 'பொரி, பொரி வா, வா வா, ஏய் வாடி' என்று தொடர்ந்து கூவினால் நம் குரல் தெருவில் போகும் காய்காரர் குரல் மாதிரி ஆகிவிடும். கேட்டுக்கொண்டே தன் வேலையைப் பார்க்கும். எப்போது கூப்பிடுகிறீர்கள் என்பதும் முக்கியம். மூக்கு தரையில் ஆழ்ந்திருக்கும்போது கூப்பிடாதீர்கள். மோப்பம் முடிந்து தலை நிமிரும் அந்த நொடியில் கூப்பிட்டால் வரும். முதல் சில வாரம் ஜெயிக்கக்கூடிய நேரத்தில் மட்டும் கூப்பிடுங்கள்.

கூப்பிட்டும் வரவில்லையா? கயிற்றைப் பிடித்து இழுத்துக் கொண்டுவராதீர்கள். அது உங்கள் பக்கம் வருவதையே தண்டனை ஆக்கிவிடும். கயிற்றைக் கை மாற்றி மாற்றிச் சேகரித்தபடி நீங்கள் நாயிடம் நடந்து போங்கள். மூக்குக்கு அருகில் ஈரலைக் காட்டி அங்கிருந்து நாலு எட்டு கூட்டிவந்து கொடுங்கள். அடுத்த முறை இதைவிட எளிதான நேரம் பார்த்துக் கூப்பிடுங்கள்.

வந்ததும் தீனி கொடுத்து 'போ' என்று அதே மோப்பத்துக்குத் திருப்பி அனுப்புங்கள். இதை நான் மெதுவாகத்தான் புரிந்துகொண்டேன். பொரிக்கு ஈரலைவிட அந்தக் கரண்ட் கம்பத்தின் வாசனை உயர்ந்தது. கூப்பிட்டால் கம்பம் போய்விடும் என்று இருந்தவரை வரவில்லை. வந்தால் ஈரலும் உண்டு, கம்பமும் உண்டு என்று ஆன பிறகு திரும்பி ஓடி வந்தாள்.

நான்கடி தள்ளி நின்று ஆட்டம் காட்டுகிறது

நான் அதிகம் கஷ்டப்பட்ட இடம் இது, அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

நாய் வருகிறது. ஆனால் கை எட்டாத தூரத்தில் நிற்கிறது. நீங்கள் ஓரடி வைத்தால் அது ஓரடி நகர்கிறது. குனிந்து, முன்னங்காலை நீட்டி, விளையாட அழைக்கிறது. பிடிக்கப் போனால் ஓட்டம். பார்ப்பவர்கள் 'திமிர்' என்பார்கள். நாய் பக்கம் நின்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வாக்கிங்கில் நாம் அதை எப்போதெல்லாம் கூப்பிடுகிறோம்? கிளம்பும் நேரம். இன்னொரு நாயோடு விளையாடிக்கொண்டிருக்கும் நேரம். எதையோ தின்னப் போகும் நேரம். வந்ததும் என்ன நடக்கிறது? கை மேலிருந்து இறங்கிக் கழுத்துப் பட்டையைப் பிடிக்கிறது, கயிறு மாட்டப்படுகிறது, வீடு வந்துவிடுகிறது. பத்து முறை இப்படி நடந்தால் பதினோராவது முறை எந்த நாயும் யோசிக்கும்.

சரிசெய்வதற்கு மூன்று பகுதி. முதலாவது கை. வீட்டில் உட்கார்ந்துகொண்டு கழுத்துப் பட்டையை ஒரு விரலால் தொடுங்கள், தீனி கொடுங்கள். தொடுவது முதலில், தீனி பிறகு. வரிசை மாறக் கூடாது. இரண்டு நாள் கழித்து இரண்டு விரல் நுழைத்துப் பிடிப்பது, பிறகு கொக்கியை மாட்டி உடனே கழற்றுவது. நாளைக்கு இருபது முறை. பொரி முதல் நாள் என் கை வந்ததும் தலையைத் தாழ்த்தி ஒதுங்கினாள். ஆறாவது நாள் கழுத்தை அவளே கொண்டுவந்து கையில் வைத்தாள். அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இரண்டாவது நீங்கள் நிற்கும் விதம். நேருக்கு நேர் நிமிர்ந்து நின்று, கையை நீட்டி, கண்ணைப் பார்த்துக் கூப்பிட்டால் தயங்குகிற நாய்க்கு அது மிரட்டல். பக்கவாட்டில் திரும்பிக் குந்துங்கள். தீனியைக் கையை நீட்டிக் கொடுக்காமல் உங்கள் முழங்காலை ஒட்டிக் கொடுங்கள். தீனி எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் நாய் வரும். நீட்டிய கையில் கிடைத்தால் நீட்டிய கை தூரத்திலேயே நிற்கப் பழகிவிடும்.

மூன்றாவது கணக்கு. ஒரு வாக்கிங்கில் பத்து முறை கூப்பிட்டால் ஒன்பது முறை, வந்ததும் பட்டையைத் தொட்டு, தீனி கொடுத்து, 'போ' என்று விட்டுவிடுங்கள். பத்தாவது முறை மட்டும் வீட்டுக்கு. அந்தப் பத்தாவதும் உடனே வீட்டை நோக்கி இருக்க வேண்டாம். கூப்பிட்டு, சின்னக் கயிறு மாட்டி, இன்னும் ஐந்து நிமிஷம் சேர்ந்து நடந்துவிட்டு, வாசலில் நாலு துண்டு ஈரலைத் தரையில் போட்டுத் தேடவிடுங்கள். நாய்க்கு வீடு திரும்புவதும் நல்லதாகத் தெரிய வேண்டும்.

எவ்வளவு நேரம் கழித்து வந்தாலும், வந்த நாயைத் திட்டக் கூடாது, அடிக்கக் கூடாது. கோபமாக இருந்தால் தீனியைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நடங்கள். மின்சார அதிர்வு கொடுக்கும் பட்டைகளைச் சிலர் பரிந்துரைப்பார்கள். நான் வேண்டாம் என்பேன். அந்த வலியை நாய் எதோடு முடிச்சுப் போடும் என்று நம்மால் சொல்ல முடியாது. அந்த நேரம் பக்கத்தில் ஒரு குழந்தை நின்றிருந்தால் குழந்தையோடு முடிச்சுப் போட்டுவிடலாம்.

கையில் தீனி தெரிந்தால் மட்டும் வருகிறது

தீனியைக் காட்டிக் கூப்பிட்டால், காட்டினால்தான் வர வேண்டும் என்று நாய் கற்றுக்கொள்ளும். வெறுங்கையோடு கூப்பிடுங்கள். வந்து, பட்டையைத் தொட்ட பிறகுதான் கை பைக்குள் போக வேண்டும். மடக்குப் பையின் சரசரப்பும் ஒரு வகையில் காட்டுவதுதான், எனவே ஈரலைச் சின்ன டப்பாவில் வையுங்கள். நன்றாகப் பழகிய பிறகு சில நாள் ஒரு துண்டு, சில நாள் ஐந்து துண்டு ஒன்றன்பின் ஒன்றாக, சில நேரம் இழுத்து விளையாடப் பழைய குளியல் துண்டு என்று மாற்றிக்கொடுங்கள். ஒன்றுமே இல்லாமல் விடுவதை மட்டும் இந்த வயதில் செய்யாதீர்கள்.

என்னிடம் வருகிறது, மற்றவர்களிடம் வருவதில்லை

பெரும்பாலும் சொல் குழப்பம். எங்கள் வீட்டில் நான் 'ஓடியா', தம்பி 'கம் ஹியர்', அம்மா 'ஏண்டி, வாடி இங்க'. 'ஓடியா'வையே சொல்லுங்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். 'நான் எப்படிக் கூப்பிட்டா என்ன, சோறு போடறவ நான்தானே' என்றார். சரி, அதுவும் உண்மைதான். அம்மா சோறு வைக்கும் நேரத்தில் மட்டும் 'ஓடியா' என்று சொல்லட்டும் என்று முடிவுசெய்தோம். ஒரே வாரத்தில் அம்மாவின் குரலுக்குத்தான் பொரி எல்லோரையும்விட வேகமாக ஓடினாள்.

இன்னொரு நாயைப் பார்த்துவிட்டால் நாம் இருப்பதே மறந்துவிடுகிறது

இங்கே தூரம்தான் எல்லாம். ஒவ்வொரு நாய்க்கும் ஓர் எல்லை உண்டு. அதற்கு அப்பால் இன்னொரு நாய் தெரிந்தால் பார்க்கும், உங்கள் குரலும் கேட்கும். அந்த நாய் எல்லைக்குள் வந்துவிட்டால் உங்கள் நாயின் உடம்பு விறைத்து, வாய் மூடி, காது முன்னால் போய்விடும். அப்போது ஈரலை மூக்கில் வைத்தாலும் தின்னாது. தீனியை மறுக்கிற நாய் உங்கள் குரலைக் கேட்கும் நிலையில் இல்லை. எனவே எல்லை எத்தனை அடி என்று முதலில் பாருங்கள். பொரிக்கு முதலில் அறுபது அடி. எதிரே நாய் வந்தால் எதிர்ப்பக்கம் கடந்து, நிறுத்தியிருக்கும் கார்களுக்குப் பின்னால் ஒதுங்கி, தூரத்தை வைத்துக்கொண்டு, அவள் பார்த்த நொடியே 'ஓடியா' என்று சொல்லிவிட்டு எதிர்த்திசையில் நானே ஓடுவேன். ஓடுகிற ஆளைத் துரத்துவது நாய்க்கு இயல்பு. நின்றுகொண்டு கூப்பிடுவதைவிட இது நன்றாக வேலை செய்யும். வாரத்துக்கு வாரம் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம்.

சென்னையில் இன்னொரு நாய் என்றால் பெரும்பாலும் தெரு நாய், அதுவும் ஒன்றில்லை, நாலைந்து. அவற்றுக்கு அந்தத் தெரு வீடு. குட்டியாக இருந்தவரை உங்கள் நாயை மன்னித்துவிட்டிருக்கும். விடலையானதும் போட்டியாகப் பார்க்கும். ஆகவே வாக்கிங் வழியில் எந்த முனையில் எந்தக் கூட்டம் இருக்கும் என்று மனத்தில் ஒரு வரைபடம் இருக்க வேண்டும். தினமும் சோறு வைப்பவரிடம் பேசுங்கள். எது கோபக்காரி, எது குட்டி போட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவார். காதில் முக்கோணமாக வெட்டு இருந்தால் அது கருத்தடை ஆனது. மார்கழி வாக்கில் நாய்கள் கூட்டமாகத் திரியும் காலத்தில் எங்கள் வழியையே மாற்றிக்கொள்வோம்.

கூட்டம் சூழ்ந்துகொண்டால் அது பயிற்சி நேரம் அல்ல. ஓடாதீர்கள், கல்லை எடுக்காதீர்கள், கயிற்றை இறுக்கி நாயைத் தூக்கிப் பிடிக்காதீர்கள். கைநிறையத் தீனியை அவற்றின் பக்கம் தரையில் வீசிவிட்டு, முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் மெல்ல நகருங்கள். கடி பட்டால், லேசான பல் பதிவாக இருந்தாலும், உங்களுக்கானால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். நாய்க்குப் பட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதற்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டிருந்தாலும் காட்ட வேண்டும்.

பூனை, பைக், நண்டு: துரத்தத் தொடங்கினால் நிற்பதில்லை

துரத்துவதில் கிடைக்கும் இன்பம் ஓடும்போதே கிடைத்துவிடுகிறது, நீங்கள் தரும் எதற்கும் காத்திருக்காது. சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் மாதிரி வேட்டைக்கென்று வளர்க்கப்பட்ட இனங்களில் இது ரத்தத்திலேயே இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டு உங்கள் சொல்லை வீணாக்காதீர்கள். ஓடத் தொடங்குவதற்கு முன், உடம்பு தாழ்ந்து கண் நிலைகுத்தும் அந்த ஒரு விநாடியைப் பிடிக்கப் பழகுங்கள்.

துரத்தும் ஆசையை அடக்குவதைவிட உங்கள் பக்கம் திருப்புவது எளிது. பழைய துண்டைக் கயிற்றில் கட்டித் தரையில் இழுத்துக்கொண்டு ஓடுங்கள். 'ஓடியா' என்றால் அந்தத் துண்டைத் துரத்திப் பிடித்து இழுக்கலாம் என்று ஆக்குங்கள். திருவான்மியூர் மணலில் நண்டைப் பார்க்கிற நேரத்தில் பொரியைத் திருப்பியது ஈரலல்ல, அந்தத் துண்டுதான்.

கடற்கரைக்காரர்களுக்கு இன்னொன்று. ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் நம் மணலில் ஏறி முட்டையிடும். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவெல்லாம் நடந்து முட்டைகளைக் காப்பாற்றுகிறார்கள். தோண்டும் நாய் ஒன்று போதும், ஒரு கூடு முழுக்க அழிந்துவிடும். அந்த மாதங்களில் மணலில் நீளக் கயிறும் வேண்டாம், சின்னக் கயிறே போதும்.

கீழே கிடந்ததை வாயில் கவ்விக்கொண்டு ஓடுகிறது

ஞாயிற்றுக்கிழமை பிரியாணி எலும்பு. துரத்தினால் அவசர அவசரமாக விழுங்கிவிடும். வெந்த கோழி எலும்பு உடைந்து குத்தும், ஆபத்து. 'ஓடியா' என்றும் சொல்லாதீர்கள். வந்தால் எலும்பு பறிபோகும் என்று அந்தச் சொல்லோடு சேர்த்துக் கற்றுக்கொள்ளும். வீட்டில் 'விடு' என்று தனியாகப் பழக்குங்கள். பொம்மையை விட்டால் ஈரல், பிறகு பொம்மையும் திரும்பக் கிடைக்கும். வெளியே ஒரு கை ஈரலைத் தரையில் இறைத்து 'விடு' என்றால் வாய் திறக்கும்.

நன்றாக வந்துகொண்டிருந்தது, ஒரே வாரத்தில் நின்றுவிட்டது

பயிற்சியைச் சந்தேகிக்கும் முன் உடம்பைப் பாருங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில், அதுவும் கடலில் நனைகிற, காது தொங்கும் நாய்களுக்குக் காதில் தொற்று சுலபமாக வரும். தலையை உதறுவது, காதைச் சொறிவது, கெட்ட வாசனை இருந்தால் மருத்துவரிடம் போங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பார்ப்பார்கள். உண்ணி கடித்து வரும் காய்ச்சலில் நாய் சோர்ந்து, சாப்பாட்டை ஒதுக்கி, கூப்பிட்டால் எழுந்திருக்கவே யோசிக்கும். ஓடிவந்து நின்றதும் நொண்டினால் மூட்டு வலியாக இருக்கலாம்.

பெண் நாய்க்கு முதல் பருவம் ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் வரலாம், சுமார் மூன்று வாரம் நீடிக்கும். அந்த நாட்களில் சின்னக் கயிறு மட்டும், பயிற்சி வீட்டுக்குள். ஆண் நாய்க்கோ பக்கத்துத் தெருவில் பருவத்திலுள்ள பெண் நாய் ஒன்று இருந்தாலே போதும், நாம் கூப்பிடுவது காதில் ஏறாது. கருத்தடை செய்தால் இந்த அலைச்சல் குறையும், ஆனால் கூப்பிட்டு வருவதை அது கற்றுத்தராது.

அக்னி நட்சத்திர நாட்களில் காலை ஆறரைக்கே நாக்கு நீளமாகத் தொங்கும். புறங்கையைத் தாரில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியவில்லையென்றால் அதன் பாதமும் தாங்காது. சூட்டில் நிழலைத் தேடி நிற்கும் நாயைக் கீழ்ப்படியாத நாய் என்று நினைத்துவிடாதீர்கள்.

வெடிச் சத்தத்தில் பிய்த்துக்கொண்டு ஓடுகிறது

தீபாவளிக்கு மட்டும் தயாராக இருந்தால் போதாது. இறுதி ஊர்வலம் மேளத்தோடும் வெடியோடும் எந்த நாளும் தெருவில் வரும். பயத்தில் ஓடும் நாய்க்கு நன்றாகப் பழகிய சொல்லும் காதில் ஏறாது. அதற்காக அதைக் குறை சொல்ல முடியாது. எனவே இது பயிற்சியால் தீர்க்கும் பிரச்சினை இல்லை, கட்டும் விதத்தால் தீர்க்க வேண்டியது. ஹார்னஸில் ஒரு கொக்கி, கழுத்துப் பட்டையில் ஒன்று, இரண்டையும் இணைத்து ஒரு கயிறு. ஹார்னஸ் மாட்டியதும் இரண்டு விரல் மட்டும் நுழைகிற இறுக்கம் இருக்க வேண்டும். விடலை நாய் மாதாமாதம் உருவம் மாறும், எனவே மாதம் ஒருமுறை அளவைச் சரிபாருங்கள். பொரி உருவிக்கொண்டதற்கு நான் அதைச் செய்யாமல் விட்டதுதான் காரணம். பட்டையில் தொலைபேசி எண் பொறித்த தகடும், உடம்பில் மைக்ரோசிப்பும் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) இருக்கட்டும்.

ஓடிவிட்டால் பின்னால் ஓடாதீர்கள், பெயரைச் சொல்லிக் கத்தாதீர்கள். கடைசியாகப் பிரிந்த இடத்தில் ஒருவர் காத்திருக்கட்டும், நீங்கள் போட்டிருந்த சட்டையைக் கழற்றி அங்கே வையுங்கள். நள்ளிரவுக்கு மேல் தெரு அடங்கிய பிறகு பலமுறை தேடுங்கள். நிறுத்திய வண்டிகளுக்கு அடியிலும் கட்டுமான இடங்களிலும் பாருங்கள். கண்ணில் பட்டால் நேராகப் போகாமல் பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்கார்ந்து, ஈரல் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு மெதுவாக ஏதாவது பேசிக்கொண்டிருங்கள். வந்ததும் பட்டையைத் தொடுங்கள், தீனி கொடுங்கள், பிறகு கயிறு.

நீளக் கயிறு எப்போது வேண்டாம்?

மூன்று வாரம் தொடர்ந்து, மூன்று வேறு இடங்களில், ஒரே கூப்பிடுதலுக்குப் பத்துக்கு ஒன்பது முறை வந்தால் கயிற்றைக் கையில் பிடிக்காமல் தரையில் இழுபட விடுங்கள். சுவர் சூழ்ந்து, கதவு பூட்டிய இடத்தில் மட்டும். பிறகு வாரம் ஒரு மீட்டராக வெட்டிக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கடைசி அரை மீட்டர் முதுகில் தொங்கும்போது நாய்க்குக் கயிறு இருக்கிறதா இல்லையா என்பதே மறந்திருக்கும். தெருவில், கடற்கரையில் கயிறு எப்போதும் உண்டு.

பொரிக்கு இப்போது பதினாறு மாதம். போன வாரம் தண்ணீர் லாரிக்காரர் கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போக, அவள் வெளியே பாய்ந்து எதிர்வீட்டுப் பூனையைப் பார்த்து உடம்பைத் தாழ்த்தினாள். மாடியிலிருந்து அம்மா ஒரே ஒரு முறை 'ஓடியா' என்றார். பூனையைப் பார்த்தாள், மாடியைப் பார்த்தாள், படியேறி வந்தாள். அன்று அம்மா டப்பாவில் இருந்த ஈரல் முழுவதையும் அவளுக்கே கொடுத்துவிட்டார்.